'கன்சாலிடேட்' என்ற ஒரு வினையும் அதற்குத் தமிழில் உள்ள பல வினைகளும்

நீங்கள் கேட்டது இதுதான்: ஆங்கிலத்தில் 'கன்சாலிடேட்' வரும் இடங்களுக்கு அகராதி ஒருங்கிணை, ஒன்றுசேர், திரட்டு, வலுப்படுத்து, உறுதிப்படுத்து, திடப்படுத்து என்று ஆறு சொல் தருகிறது, எதை எங்கே எடுப்பது? கூடவே உங்களைத் தடுத்து நிறுத்திய வாக்கியத்தையும் கொடுத்திருக்கிறீர்கள். ஒரு நிறுவனம் தன் மூன்று ஆலைகளை 'கன்சாலிடேட்' செய்தது, அப்படியே சந்தையில் தன் இடத்தையும் 'கன்சாலிடேட்' செய்துகொண்டது என்று போகிறது அது. வினை ஒன்று, செயப்படுபொருள் இரண்டு. தமிழில் எந்தச் சொல்லைப் போட்டாலும் ஒரு பக்கம் இடிக்கிறது என்கிறீர்கள்.

இடிக்கத்தான் செய்யும். அந்த வினைக்குள் இரண்டு வேலைகள் ஒட்டிக்கிடக்கின்றன: சிதறிக்கிடப்பதைச் சேர்ப்பது ஒன்று, சேர்ந்ததைக் கெட்டியாக்குவது இன்னொன்று. சில துறைகளில் முதல் வேலை மட்டும் நடக்கிறது. சிலவற்றில் இரண்டாவது மட்டும். அரிதாகவே இரண்டும் சேர்ந்து நடக்கின்றன. அதனால் அகராதியைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது என் வழக்கம்: செயல் முடிந்த பிறகு எது மாறியிருக்கிறது? எண்ணிக்கை குறைந்ததா, உறுதி கூடியதா? பத்து இருந்த இடத்தில் ஒன்று இருந்தால் அது சேர்ப்பு. ஒன்று ஒன்றாகவே இருந்து, முன்பு ஆடியது இப்போது ஆடாமல் நின்றால் அது கெட்டிப்படுதல்.

சொல்லின் பிறப்பிலேயே இந்த இரட்டைத்தன்மை இருக்கிறது. இலத்தீனில் 'சாலிடுஸ்' என்றால் கெட்டியானது, முழுமையானது. அதன் முன்னால் 'கூட' என்னும் பொருள் தரும் முன்னொட்டு சேர்ந்து, ஒன்றாக்கிக் கெட்டிப்படுத்துவது என்ற வினை உருவானது. ஆங்கிலத்தில் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வழங்குகிறது. இந்தக் குடும்பத்தில் எதிர்பாராத உறவினர்களும் உண்டு. உலோகத்தைப் பற்றவைக்கும் 'சால்டர்' இதே வேரிலிருந்து வந்தது. உரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 4-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த கெட்டித் தங்க நாணயத்தின் பெயரும் சாலிடுஸ்தான். அதைச் சம்பளமாகப் பெறுபவன் என்ற வழியில்தான் 'சோல்ஜர்' வந்தது.

இனி, துறை துறையாக. சேர்ப்பு மட்டும் உள்ள இடங்களை முதலில் பார்ப்போம்.

சட்டத்தில் இந்த வினைக்குப் பெரும்பாலும் உறுதிப் பொருளே கிடையாது. இந்தியாவின் 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம், உரிமையியல் நீதிமன்ற நடைமுறை குறித்த சட்டங்களைக் 'கன்சாலிடேட்' செய்யவும் திருத்தவுமான சட்டம் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. பல இடங்களில் கிடக்கும் விதிகளை ஓரிடத்தில் வைப்பது என்பதே அங்கே பொருள். 'சட்டங்களை வலுப்படுத்த' என்று எழுதினால், தண்டனையைக் கடுமையாக்கினார்கள் என்று வாசகர் புரிந்துகொள்வார். இந்த இடத்துக்கு நம்மிடம் மிகப் பழைய சொல் இருக்கிறது: தொகு. தொல்காப்பியத்தின் மரபியல் வழிநூல்களை வகைப்படுத்தும்போது முதலில் வைப்பது தொகுத்தலைத்தான். 'சட்டங்களைத் தொகுத்துத் திருத்துதல்' என்பதில் ஒரு குறையும் இல்லை.

அரசின் பணப்பெட்டிக்கும் இதே கதை. பிரிட்டனில் 1787-இல், தனித்தனிக் கணக்குகளுக்குப் போய்க்கொண்டிருந்த வரி வருவாயெல்லாம் ஒரே நிதியில் சேரும்படி மாற்றினார்கள். இந்திய அரசமைப்பின் 266-ஆம் பிரிவு அமைக்கும் நிதியும் அதே வகை: அரசின் வருவாய், அது வாங்கும் கடன், கொடுத்த கடனில் திரும்பி வரும் தொகை எல்லாம் அதில் சேரும், சட்டத்தின் வழியே அல்லாமல் அதிலிருந்து எதையும் எடுக்க முடியாது. இதற்கு இந்தியத் தமிழ்ச் செய்திகளில் 'தொகுப்பு நிதி', 'ஒருங்கிணைந்த நிதி' என்று இரண்டும் வருகின்றன. இலங்கையில் 'திரட்டு நிதியம்'. எனக்கு இலங்கை வழக்கு பிடிக்கும். பல ஓடைகள் வந்து ஓரிடத்தில் கூடுவதை அந்தச் சொல்லே காட்டிவிடுகிறது.

கணக்கியலில் கொஞ்சம் கவனம் தேவை, ஏனென்றால் அங்கே சேர்ப்பு என்பது வெறும் கூட்டல் இல்லை. ஒரு தாய் நிறுவனம் 80-க்குச் செய்த பொருளைத் தன் துணை நிறுவனத்துக்கு 100-க்கு விற்கிறது என்று வையுங்கள். துணை நிறுவனம் அதை இன்னும் வெளியே விற்கவில்லை; சரக்காக வைத்திருக்கிறது. இரண்டு கணக்குகளையும் அப்படியே கூட்டினால் விற்பனை 100, இலாபம் 20 என்று வரும். உண்மையில் குழுமத்துக்கு வெளியே ஒரு காசும் வரவில்லை. எனவே உள்ளுக்குள் நடந்த விற்பனையை முழுதாக நீக்கி, அந்த இலாபத்தையும் நீக்கி, சரக்கை 80-க்கே காட்டுவார்கள். பன்னாட்டு நிதியறிக்கைத் தரங்களில் 2011-இல் வெளியான 10-ஆம் தரம் இந்த அறிக்கைகளுக்கென்றே உள்ளது. குழுமம் முழுவதையும் ஒரே நிறுவனமாகப் பாவிப்பதுதான் அதன் உயிர். அதனால் 'மொத்த அறிக்கை', 'கூட்டு அறிக்கை' என்றெல்லாம் எழுதுவது பொருந்தாது. 'ஒருங்கிணைந்த நிதிநிலை அறிக்கை' என்பது நிலைத்துவிட்டது, அதையே எழுதுங்கள். இலக்கணப்படி பார்த்தால் அறிக்கை தானாக ஒருங்கிணையவில்லை, ஒருவர் ஒருங்கிணைத்திருக்கிறார். 'ஒருங்கிணைத்த' என்பதே துல்லியம். ஆனால் வழக்கில் ஊன்றிவிட்ட கலைச்சொல்லை ஓர் ஒற்றெழுத்துக்காகப் பிடுங்க வேண்டாம்.

கடனைப் பற்றி எழுதும்போது சொல்தேர்வு வாசகரின் கைப்பணத்தைத் தொடுகிறது. பல கடன்களை ஒரே கடனாக மாற்றுவதை 'கடனைத் திடப்படுத்துதல்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். 'கடன் சீரமைப்பு' என்றும் எழுதுகிறார்கள். அது வேறு, அதில் நிபந்தனைகளே தளர்த்தப்படலாம். இங்கே நடப்பது, ஐந்து கடனை அடைக்க ஆறாவதாக ஒன்று வாங்குவது. அசல் குறைவதில்லை. மாதத் தவணை குறைந்தாலும் காலம் நீண்டால் மொத்த வட்டி கூடவும் செய்யும். 'கடன்களை ஒன்றாக்குதல்' என்று பச்சையாக எழுதினால் வாசகருக்கு இல்லாத நம்பிக்கை ஏற்படாது. பங்குகளை 10-க்கு 1 என்று சேர்ப்பதும் இப்படித்தான்: எண்ணிக்கை பத்தில் ஒன்றாகிறது, ஒருவரிடம் உள்ள மொத்த மதிப்பு அதனால் மாறுவதில்லை. 'பங்குகளை ஒன்றுசேர்த்தல்' போதும். ஆனால் பங்குச் சந்தைப் பக்கத்தில் விலை ஒரு 'கன்சாலிடேஷன்' கட்டத்தில் இருக்கிறது என்று வந்தால் அங்கே எதையும் யாரும் சேர்க்கவில்லை. ஏறவும் இறங்கவும் இல்லாமல் குறுகிய எல்லைக்குள் நிற்கிறது என்று பொருள். 'விலை ஒரு நிலையில் நிற்கிறது' என்று எழுதலாம்.

இப்போது மறுபாதிக்கு வருவோம். கெட்டிப்படுதல் மட்டும் உள்ள இடங்கள். எனக்கு மிகவும் பிடித்தது மண்.

நீர் நிறைந்த களிமண்ணின் மேல் பாரம் ஏறினால், துகள்களுக்கு இடையே உள்ள நீர் மெல்ல மெல்லக் கசிந்து வெளியேறும். துகள்கள் நெருங்கும். மண் தாழும், வலுக்கூடும். இதற்கான கோட்பாட்டைக் கார்ல் டெர்சாகி 1925-இல் நூலாக வெளியிட்டார். நவீன மண் இயக்கவியலின் தொடக்கமாக அந்த நூலைத்தான் சொல்வார்கள். இங்கே வேகத்தைத் தீர்மானிப்பது நீர் கடக்க வேண்டிய தொலைவு. தொலைவு இரண்டு மடங்கானால் காலம் நான்கு மடங்காகும். தடித்த களிமண் அடுக்கு என்றால் ஆண்டுகள், சில சமயம் பல பத்தாண்டுகள். பீசா கோபுரத்தின் கதை தெரிந்திருக்கும். 1173-இல் தொடங்கிய வேலை மூன்று அடுக்குகள் எழும்பியதும் நின்று, ஏறத்தாழ நூறாண்டு அப்படியே கிடந்தது. அந்த நூறாண்டில் அடியிலிருந்த களிமண் பாரத்தைத் தாங்கித் தாங்கி இறுகியது. இடைவெளி விடாமல் கட்டியிருந்தால் அன்றே சரிந்திருக்கும் என்பது பொறியாளர்களின் கணிப்பு.

இதற்கு என்ன சொல்? 'மண் ஒருங்கிணைப்பு' என்று ஒரு பாட மொழிபெயர்ப்பில் பார்த்தபோது மனம் வலித்தது. படிக்கும் பிள்ளைக்கு அதிலிருந்து என்ன தெரியும்? இரண்டு வகை மண்ணைக் கலப்பது என்றுதான் நினைக்கும். 'இறுகல்' என்ற சொல் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. 'மண் இறுகியது' என்று எல்லாருமே பேசுகிறோம். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. திமிசுக்கட்டையாலோ உருளையாலோ இடித்து மண்ணைக் கெட்டிப்படுத்துவது வேறு வேலை. அங்கே வெளியேறுவது காற்று, அதுவும் உடனடியாக. ஆங்கிலப் பொறியியலில் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு, நாமும் பிரித்தே வைக்க வேண்டும். பாரத்தின் கீழ் மண் தானே இறுகுவதால் அது 'இறுகல்'. மனிதர் இடித்துச் செய்வதால் இது 'கெட்டித்தல்'. தமிழ் இலக்கணமே இங்கே பொறியியலுக்கு உதவிசெய்கிறது.

மருத்துவத்தில் இந்த வினை நல்ல பொருளையே இழந்துவிடுகிறது. நிமோனியாவில், காற்று இருக்க வேண்டிய நுரையீரல் நுண்ணறைகளில் நீரும் சீழும் நிரம்பி, பஞ்சு போலிருந்த பகுதி கெட்டியாகிவிடும். எக்ஸ்ரேயில் அந்த இடம் வெளுத்துத் தெரியும். ஈரல் போலாகிவிட்டது என்றே பழைய நோய்க்குறியியலார் வருணித்தார்கள். 1761-இல் ஔவன்புருகர் என்ற மருத்துவர், மார்பை விரலால் தட்டி ஒலியைக் கேட்கும் முறையை நூலாக எழுதினார். காற்றுள்ள இடம் அதிரும், கெட்டியான இடம் மந்தமாக ஒலிக்கும். இந்த இடத்தில் 'நுரையீரல் வலுவடைந்துள்ளது' என்று இயந்திர மொழிபெயர்ப்பு எழுதினால், நோயாளியின் வீட்டார் நல்ல செய்தி என்று நினைத்துக்கொள்வார்கள். 'நுரையீரலின் இந்தப் பகுதி காற்றின்றிக் கெட்டியாகியுள்ளது' என்று விரித்து எழுதுங்கள். சொல் சுருக்கமாக இருக்க வேண்டும் என்ற ஆசையை மருத்துவ அறிக்கையில் விட்டுவிட வேண்டும்.

நினைவைப் பற்றிய ஆய்வில் இது 1900-இல் நுழைந்தது. மியுல்லர், பில்ட்செக்கர் என்ற இரு ஜெர்மானிய ஆய்வாளர்கள், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்தவர்களுக்கு உடனே வேறொரு பட்டியலைக் கொடுத்தால் முதற்பட்டியல் மங்குகிறது என்று கண்டார்கள். புதிதாகக் கற்றது மனத்தில் நிலைபெறக் கொஞ்ச நேரம் வேண்டும் என்பது அவர்கள் முடிவு. நூறாண்டு கழித்து, 2000-இல், நாடர், ஷாஃபே, லெடூ மூவரும் எலிகளிடம் செய்த ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது: நிலைபெற்ற அச்ச நினைவுகூட, திரும்ப நினைவுக்கு வரும்போது சற்று நேரம் குலையக்கூடியதாகிறது; மறுபடியும் நிலைபெற வேண்டியிருக்கிறது. 'நினைவு ஒருங்கிணைப்பு' என்று இதற்கும் எழுதுகிறார்கள். 'நினைவு நிலைபெறுதல்' தெளிவானது. 'இறுகிய நினைவு நினைக்கும்போது இளகி, மீண்டும் இறுகுகிறது' என்று எழுதினால் அந்த ஆய்வின் சாரம் ஒரே வரியில் வந்துவிடும். இளகு, இறுகு என்ற இணையைத் தமிழ் தயாராக வைத்திருக்கிறது.

அதிகாரத்தைப் பற்றிய வாக்கியங்களில்தான் சொல் உங்கள் சார்பையும் சொல்லிவிடும். ஓர் ஆட்சியாளர் தன் அதிகாரத்தைக் 'கன்சாலிடேட்' செய்தார் என்று ஆங்கிலம் நடுநிலையாக எழுதிவிட்டுப் போகலாம். தமிழில் 'தன் நிலையை வலுப்படுத்திக்கொண்டார்' என்றால் ஏறத்தாழ நடுநிலை. 'பிடியை இறுக்கினார்' என்றால் கண்டனம் வந்துவிட்டது. 'ஆழக் காலூன்றினார்' என்றால் ஒரு மெல்லிய மெச்சுதல். மூலம் எந்தத் தொனியில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு எடுங்கள். 'கொள்' என்ற துணைவினையை மறக்க வேண்டாம். 'வலுப்படுத்தினார்' என்பதற்கும் 'வலுப்படுத்திக்கொண்டார்' என்பதற்கும் இடையே, யாருக்காகச் செய்தார் என்ற செய்தி இருக்கிறது. தேர்தல் செய்தியில் வாக்குகள் 'கன்சாலிடேட்' ஆயின என்று வந்தால் அது சேர்ப்புப் பக்கம்: 'வாக்குகள் ஓரணியில் திரண்டன'.

இந்த இடத்தில் இரண்டு சொற்களைப் பற்றி எச்சரிக்க வேண்டும். 'ஒருங்கிணை' இன்று மூன்று ஆங்கிலச் சொற்களின் சுமையைத் தாங்குகிறது. ஒருங்கிணைப்பாளர் என்பவர் பலருடைய வேலைகளை இசைவிப்பவர். ஒருங்கிணைந்த சுற்று என்பது மின்னணுவில் ஒரே சில்லில் அமைந்த சுற்று. ஒருங்கிணைந்த அறிக்கை கணக்கியல். ஒரே பத்தியில் இவற்றில் இரண்டு வந்தால் ஒன்றை மாற்றியே ஆக வேண்டும். 'உறுதிப்படுத்து' இன்னும் ஆபத்து. செய்தித்தமிழில் அது 'உண்மைதான் என்று தெரிவித்தார்' என்ற பொருளில் ஊறிவிட்டது. 'தலைமைப் பதவியை உறுதிப்படுத்தினார்' என்று எழுதினால், பதவியைக் கெட்டியாக்கினாரா, பதவி கிடைத்த செய்தி மெய் என்றாரா? நான் அந்தச் சொல்லை இந்தப் பொருளில் எழுதுவதை நிறுத்திப் பல காலம் ஆகிறது.

சரி, சேர்ப்பும் கெட்டிப்படுதலும் ஒருசேர உள்ள வினை தமிழில் இல்லவே இல்லையா? இருக்கிறது: திரள். 'வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தாற்போல' என்ற பழமொழியை நினைத்துப் பாருங்கள். மோரெங்கும் பரவிக் கிடந்த கொழுப்புத் துளிகள் ஒன்றையொன்று தேடி ஒட்டி, கையில் எடுக்கக்கூடிய கட்டியாகின்றன. இலத்தீன் வினையின் இரண்டு பாதிகளும் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. மேகம் திரள்கிறது என்றால் கூடுகிறது, கனக்கிறது. 'திரண்ட தோள்' என்றால் தசை உருண்டு வலுத்த தோள். பழைய உரைகளில் 'திரண்ட பொருள்' என்பது பாட்டின் சொற்களெல்லாம் கூடித் தரும் முழுப்பொருள்.

ஆனால் இதன் பிறவினையான 'திரட்டு' பாதியை வழியில் தொலைத்துவிட்டது. நிதி திரட்டுகிறோம், ஆதரவு திரட்டுகிறோம், தகவல் திரட்டுகிறோம். எதிலும் கெட்டிப்படுதல் இல்லை, சேகரிப்பு மட்டுமே. ஆகவே 'திரள்' முழுச்சொல்லாக உதவும், 'திரட்டு' சேர்ப்புக்கு மட்டும் உதவும். இந்தத் தன்வினை, பிறவினை வேறுபாட்டை ஆங்கிலம் காட்டாது. அதே வினை இரண்டுக்கும் வரும். தமிழில் திரள், திரட்டு, இறுகு, இறுக்கு, கூடு, கூட்டு, இணைந்தது, இணைத்தார் என்று ஒவ்வோர் இடத்திலும் தேர்ந்தாக வேண்டும். துறையில் சிறு நிறுவனங்கள் 'கன்சாலிடேட்' ஆகின்றன என்றால் யாரோ இணைக்கிறார்களா, அவையே இணைகின்றனவா என்று மூலத்தில் தேடிவிட்டுத்தான் எழுத முடியும்.

இரண்டு பொருளும் வேண்டும், 'திரள்' பொருந்தவில்லை என்றால் வினையெச்சத்தை நம்புங்கள். ஒரே வினைக்குள் இரண்டு செயலைத் திணிக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. 'சேர்த்து இறுக்கினார்', 'திரட்டி நிலைநிறுத்தினார்', 'தொகுத்துச் செம்மைப்படுத்தினார்' என்று இரண்டு வினைகளை அடுக்கினால் வேலை முடிந்தது. பழைய சுவரோவியங்களைப் பேணுபவர்கள் செய்யும் வேலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. செதில் செதிலாகப் பெயர்ந்து நிற்கும் வண்ணப் பூச்சுக்குள் மெல்லிய பசையை ஊறவிட்டு, துணுக்குகளை ஒன்றோடொன்றும் சுவரோடும் பிடிக்கவைக்கிறார்கள். அதற்கும் ஆங்கிலத்தில் இதே வினைதான். 'உதிரும் வண்ணத்தை ஒட்டவைத்து இறுக்குதல்' என்றால் ஒருவரும் விளக்கம் கேட்கமாட்டார்கள்.

இனி உங்கள் வாக்கியம். ஆலைகளிடம் என் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: மூன்று இருந்தது, ஒன்றானது. எண்ணிக்கை குறைந்தது, எனவே சேர்ப்பு. சந்தை இடத்திடம் கேளுங்கள்: முன்பும் ஒன்று, இப்போதும் ஒன்று, உறுதி மட்டும் கூடியிருக்கிறது. ஆங்கில ஆசிரியர் ஒரே வினையை இரண்டுக்கும் போட்டது ஒரு சொல்நயம். அந்த நயம் தமிழுக்கு வராது, வர வேண்டும் என்று முட்டிக்கொள்ளவும் வேண்டாம். ஆனால் முதலாவது நடந்ததால்தான் இரண்டாவது நடந்தது என்ற தொடர்பை விட்டுவிடக் கூடாது. அதை வினையெச்சமே தாங்கிக்கொள்ளும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: 'அந்த நிறுவனம் தன் மூன்று ஆலைகளையும் ஒன்றாக்கி, சந்தையில் தன் இடத்தைக் கெட்டியாக்கிக்கொண்டது.'